பின்னால் நீட்டிய கை

"அந்தக் கை ஏன் எப்பவும் பின்னாலயே இருக்கு?"

"கண்டதை எழுதுங்க டீச்சர். ஏன்னு இன்னிக்கு எழுத வேண்டாம்."

"கண்டதைத்தான் மேடம் சொல்றேன். இடது கை பின்னால. உள்ளங்கை திறந்திருக்கு. ஒரு அடி வைக்கிறா, நிக்கிறா. மறுபடி ஒரு அடி, நிக்கிறா. எவ்வளவு நேரம் நிக்கிறான்னு எண்ணிப் பாத்தேன். ரெண்டு எண்ணிக்கை. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"எண்ணவும் செஞ்சீங்களா?"

"எண்ணாம எப்படி? இருபத்தஞ்சு வருஷமா எண்ணித்தான் சோறு தின்னேன்."

அவளை டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும், அந்த இல்லத்தில் அவள் மாணவி. நாற்பத்தாறு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் நடனம் சொல்லிக்கொடுத்தவள். பள்ளிக்கூடத்தை மூடியபிறகு, நடன சிகிச்சைப் படிப்பில் சேர்ந்து, இரண்டாவது வருடப் பயிற்சிக்காக இங்கே வந்திருந்தாள். அவளை மேற்பார்வை செய்யும் மேடத்துக்கு வயது முப்பத்தொன்று.

"நீங்க என்னை மேடம்ங்கிறீங்க, நான் உங்களை டீச்சர்ங்கிறேன். யாரு யாருகிட்ட படிக்கிறாங்கன்னே பசங்களுக்குப் புரியல" என்று மேடம் அடிக்கடி சிரிப்பாள்.

தீயிலும் வெள்ளத்திலும் அடி உதையிலும் தப்பி வந்த பிள்ளைகளுக்கான இல்லம் அது. கீழே அலுவலகமும் கூடமும். மாடியில் படுக்கை அறைகள், கோடியில் ஆடும் அறை. செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு வகுப்பு. செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தால், தரையில் ஒரு தடித்த கயிறு வட்டமாகக் கிடக்கும். மேடம் கையில் சின்ன மேளம். ஒரு பிள்ளை வட்டத்துக்குள் போய்த் தன் உடம்புக்குத் தோன்றியதைச் செய்யும். டீச்சர் அதையே தன் உடம்பில் செய்ய வேண்டும். கண்ணாடி ஆட்டம் என்று பெயர்.

கேட்க எளிது. செய்வதற்குத்தான் டீச்சருக்கு உயிர் போயிற்று.

"பையன் விரலை ஆட்டினா நீங்களும் விரலைத்தான் ஆட்டணும். நீங்க முழங்கை வரைக்கும் போயிட்டீங்க."

"அழகா முடியட்டுமேன்னு..."

"இங்க எதுவும் அழகா முடிய வேண்டாம். பாதியில விட்டா பாதியிலயே விடுங்க. அவங்க விட்டுவெச்ச இடத்தை நாம நிரப்பக் கூடாது."

ஆறு பிள்ளைகள் அந்தக் குழுவில். வாய் ஓயாத ஒரு பையனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். சத்தமே இல்லாமல் நடக்கிற ஏழு வயதுப் பெண்ணைப் பூனை என்றார்கள். கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அடி வைத்து நிற்பவள் அவள்தான். வந்து எட்டு மாதம் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. படியில் கால் வைக்க மாட்டாள். கட்டடத்துக்குப் பின்புறம் துணி வண்டி தள்ளுவதற்கென்று நீளமாக ஒரு சரிவு இருந்தது. மாடிக்கு வருவதும் இறங்குவதும் அதன் வழியாகத்தான்.

"அவ கதை தெரியுமா உங்களுக்கு?" என்று மேடம் முதல் வாரமே கேட்டிருந்தாள்.

"தீன்னு மட்டும் தெரியும்."

"மூணாவது மாடி. புகை ஏறுது. அம்மா இவ கையில தம்பி கையைக் குடுத்து, 'இவனைக் கூட்டிட்டு இறங்கு, திரும்பிப் பாக்காம இறங்கு, நான் ஈரத்துணி எடுத்துட்டுப் பின்னாலயே வர்றேன்'னு சொல்லியிருக்காங்க. அம்மாவை ஜன்னல் வழியாத்தான் எடுத்தாங்க. உடம்பு பாதி வெந்துபோச்சு, உயிர் இருக்கு. இவ கீழ வந்து சேர்ந்தப்போ கை காலியா இருந்தது."

"தம்பிக்கு என்ன வயசு?"

"மூணு முடிஞ்சு நாலு."

"இவளுக்குச் சொல்லியாச்சா?"

"டாக்டர் சொன்னார், வார்டன் சொன்னாங்க, நானும் சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டா. அப்புறம் கையைப் பின்னால வெச்சுக்கிட்டா."

அம்மா இரண்டு முறை சக்கர நாற்காலியில் மகளைப் பார்க்க வந்தாள். இரண்டு முறையும் பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இப்போது மூன்றாவது முறையாக வரும் சனிக்கிழமை வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். தோல் ஒட்டி முடிய ஆறு மாதமோ, எட்டு மாதமோ.

"இந்தத் தடவையும் பாக்கலைன்னா, பெத்தவளுக்கு மனசு விட்டுப் போயிடும் டீச்சர்" என்றாள் வார்டன். "எதையாவது ஆட்டம் ஆடி அவளைக் கீழ இறக்குங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது.

பூனை வட்டத்துக்குள் வந்தது. யாரையும் பார்த்து நிற்காது, எப்போதும் முதுகுதான். அதனால் டீச்சர் பின்னால் நின்று ஆட வேண்டியிருந்தது. ஒரு அடி. இரண்டு எண்ணிக்கைக்கு வெறுமை. ஒரு அடி. வெறுமை. மேடம் மேளத்தை மிக மெதுவாக, அடிக்கு ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கயிற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

ஐந்து வாரமாக அந்த வெறுமை டீச்சரின் பாதத்தில் அரித்துக்கொண்டிருந்தது. மூன்றில் ஒன்று இருக்கிறது, இரண்டு இல்லை. தாளத்தில் இப்படி ஓட்டை விழுந்தால் அந்தக் காலத்தில் குச்சியால் பலகையைத் தட்டி நிரப்பிவிடுவாள். அன்று குச்சி இல்லை, கால் இருந்தது.

தட், தட்.

வெறுங்காலின் முன்பாதம் தரையில் இரண்டு முறை பட்டது. அவ்வளவு மெதுவாக. டீச்சருக்கே பட்டபிறகுதான் தெரிந்தது.

பூனையின் பின்கை மூடிக்கொண்டது. ஒவ்வொரு விரலாக, ஐந்தும். காற்றைப் பிடித்தால் கை முழுதாக மூடும். அது முழுதாக மூடவில்லை. உள்ளே ஒரு சின்னக் கை இருக்கிற அளவுக்கு இடம் விட்டு மூடியிருந்தது.

அடுத்த அடி. டீச்சரின் கால் தானாக, தட், தட். பக்கவாட்டில் தெரிந்த பூனையின் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே யாருக்கும் தெரியாது.

வகுப்பு முடிந்து பூனை சாயங்கால டிபனை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதாக வார்டன் ஓடிவந்து சொன்னாள். "என்ன மாயம் பண்ணீங்க டீச்சர்!"

மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன சேத்தீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"டீச்சர்."

"ரெண்டு தட்டு மேடம். கால் தானா..."

"சரி. அப்புறம் பேசலாம். உதறிட்டுப் போங்க. இன்னிக்கு நல்லா உதறணும்."

உதறல் என்பது வகுப்புக்குப் பிறகு சிகிச்சை செய்பவர் தனக்குச் செய்துகொள்வது. ஒரு பிள்ளையின் அசைவை ஒரு மணி நேரம் உடம்பில் வைத்திருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகக் கூடாது. தனியாக நின்று கையை உதறி, காலை உதறி, தன் பெயரைச் சொல்லி, தன் வயதைச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் செய்யப்போகும் மூன்று வேலைகளைச் சொல்லிவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வர வேண்டும். பத்து நிமிடம் ஆகும். ஐந்து பத்துக்கு பஸ். டீச்சர் கையை இரண்டு உதறு உதறினாள், பையை எடுத்தாள், இறங்கினாள்.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் கம்பி அசைந்தது. பூனை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அவனை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

குரல் கரகரவென்று, எட்டு மாதம் திறக்காத கதவு மாதிரி இருந்தது. டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண்ணே இருட்டிவிட்டது. "பேசிட்டா! வாட்ச்மேன், வார்டனைக் கூப்பிடுங்க, பூனை பேசிட்டா!" என்று கத்தினாள். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, மூன்று நிறுத்தம் போனபிறகுதான், அந்தப் பெண் என்ன பேசினாள் என்பது அவள் காதுக்குள் போயிற்று.

டீச்சர் இருந்தது அக்கா வீட்டில். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, படியில நின்னு நின்னு வர்ற? முட்டி வலியா? நாப்பத்தாறு வயசுல பரீட்சை எழுதப் போனா முட்டிதான் முதல்ல தேயும்."

"நின்னா வந்தேன்?"

"ஒவ்வொரு படியிலயும் நின்ன. மேல இருந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன். சரி, யாரு உன் பின்னாடி?"

"யாரும் இல்லையே."

"ரெண்டு ரெண்டாத் தட்டுச் சத்தம் கேட்டுச்சு."

"என் செருப்பா இருக்கும்."

"செருப்பைத்தான் கையில வெச்சிருக்கியே."

டீச்சர் குனிந்து பார்த்தாள். வலது கையில் இரண்டு செருப்பும் தொங்கிக்கொண்டிருந்தன. இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கூடத்தில் அத்தான் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைத் தாண்டி உள்ளே போனாள். அத்தான் காலை மடக்கவில்லை. அவளுக்கு அது பழக்கம். அவள் போய் இரண்டு எண்ணிக்கை கழித்து, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அத்தான் காலை மடக்கிக்கொண்டார். குழந்தை நடந்து போனால் மடக்குவோமே, அந்த மாதிரி. பிறகு தலையைத் தூக்கினார்.

"இப்ப யாரு போனது?"

"நான்தான் அத்தான்."

"நீ போனது தெரியும். அதுக்கப்புறம்?"

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்னு போன மாசமே சொன்னேன்" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

புதன்கிழமை டீச்சர் கடைக்குப் போய்த் திரும்பும்போது, முதல் படியிலேயே நின்று கேட்டாள். தட், தட். இரண்டாவது படி. தட், தட். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால் வைக்க வேண்டிய ஆள். முதல் காலை வைத்து, பக்கத்தில் இரண்டாவது காலைக் கொண்டுவந்து சேர்த்து, அதற்கப்புறம்தான் அடுத்த படி. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. அவள் பார்க்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. பார்த்துவிட்டால் யாரும் இல்லாமல் போய்விடுமே என்றிருந்தது.

அன்று மாலை, குளியலறையில் மேல் கொக்கியில் மாட்டும் குவளையை அவள் கீழே, தரையோடு வைத்தாள். ஏன் என்று அக்கா கேட்கவில்லை.

வியாழன் காலை வார்டன் போன் பண்ணினாள்.

"டீச்சர், நீங்க உடனே வாங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துல இருந்து கேட் பக்கத்துலயே உக்காந்திருக்கா. சாப்பிடல. தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சா, கண்ணை மூடுற மாதிரி மூடிட்டு மறுபடி போயிடுறா. தண்ணிகூட வாயில இருந்து வழியுது. நாளான்னிக்கு அவங்க அம்மா வர்றாங்க, இப்படியா காட்டுறது?"

டீச்சர் போனாள். பூனை கேட்டுக்கு உள்பக்கம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும் மடியில். கை பின்னால் இல்லாமல் அவளைப் பார்ப்பது டீச்சருக்கு வெட்டிய மரத்தைப் பார்ப்பது போல் இருந்தது.

"கண்ணம்மா, ஏன் சாப்பிடல?"

"உங்க வீட்ல படி இருக்கா?"

"இருக்கு. மூணு மாடி."

"ஒரு படிக்கு அவன் ரெண்டு கால் வைக்கணும். ஓடினா விழுந்துடுவான். நின்னீங்களா?"

"நின்னேன்."

"அம்மா என்கிட்டதான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லல."

"நான் வேணும்னு கூட்டிட்டுப் போகலடா."

"சனிக்கிழமை அம்மா வருவாங்க. அவன் எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"இப்ப... இப்ப அவன் இங்க இருக்கானா?"

பூனை டீச்சரின் இடுப்புக்குப் பக்கமாக, அவளுக்குப் பின்னால் பார்த்தது. "ரோட்டுல நிக்கிறான். கேட்டுக்குள்ள வாடான்னு நீங்க சொல்லல."

வெயிலில் ரோடு காலியாக இருந்தது. எதிர்வீட்டு நாய் மட்டும் எழுந்து, டீச்சரை விட்டுவிட்டு அவளுக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

வாடா என்று ஒரு வார்த்தை. டீச்சர் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டாள்.

"சொல்ல வாய் வரல மேடம்" என்றாள். "சின்னப் பொண்ணு பட்டினி கிடக்கிறா, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல."

மேடம் பதிவுத் தாளை எடுத்தாள். அதில் இரண்டு பத்தி: கண்டது, தோன்றியது.

"கண்டது என்ன?"

"கண்டது ஒண்ணும் இல்ல. கேட்டதுதான். கேட்டதை எந்தப் பத்தியில எழுதறது?"

"அது உங்க கால் டீச்சர். நீங்க தட்டினது. உதறாமப் போனீங்க, உடம்புல ஒட்டிக்கிச்சு. பயிற்சியில எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். எனக்கு ஆறு வாரம் ஒரு பையனோட இருமல் இருந்தது."

"எங்க அத்தான் காலை மடக்கினாரே?"

மேடம் பேனாவை மூடினாள். "ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு அது போகணுமா?"

டீச்சர் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் ஊரார் பிள்ளைங்க என் பின்னால ஆடினாங்க. மணி அடிச்சா எல்லாம் வீட்டுக்குப் போயிடும். இது ஒண்ணுதான் என்கூட மாடி ஏறி வந்தது."

"அது அவளோட ரெண்டு எண்ணிக்கை டீச்சர்."

"தெரியும்."

"அவ எட்டு மாசமா யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தது. நாமதான் எடுத்தோம். நாளைக்கு வகுப்பு வேண்டாம், சனிக்கிழமை ஒன்பதரைக்கு வைக்கிறேன். அம்மா பத்து மணிக்கு வர்றாங்க. எடுத்ததைத் திருப்பிக் குடுத்துடுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

வெளியே வரும்போது டீச்சர் பூனையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். நீ இப்ப சாப்பிட்டாத்தான் அன்னிக்கு நிக்க முடியும்." பூனை யோசித்தது. அரைத் தட்டு சாப்பிட்டது.

சனிக்கிழமை காலை டீச்சர் பஸ்ஸில் வரவில்லை, நடந்தே வந்தாள். அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "ஒரு மணி நேர வழியை எதுக்குடி அன்னநடை நடக்கற?" என்று கத்தினாள். டீச்சர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு அடி வைத்து, நின்று, ஒரு அடி வைத்து, நின்று, ரோட்டோரமாக வந்தாள். கேட்டருகில் நின்றாள்.

"உள்ள வாடா" என்றாள்.

மாடியில் பூனை ஏற்கெனவே வட்டத்துக்குள் நின்றது, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கை பின்னால். உள்ளங்கை திறந்து. பிள்ளைகள் கயிற்றைச் சுற்றி. மேடம் மேளத்தை மடியில் வைத்திருந்தாள், தட்டவில்லை.

டீச்சர் உள்ளே வந்து, வட்டத்துக்கு வெளியே நின்றாள். காலைத் தட்டக் கூடாது என்று இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். பூனை ஒரு அடி வைத்தது. நின்றது.

ஒன்றும் இல்லை.

இன்னொரு அடி. ஒன்றும் இல்லை. திறந்த கை இன்னும் கொஞ்சம் பின்னால் நீண்டது.

"விடுங்க டீச்சர்" என்றது பூனை, திரும்பாமல்.

"நான் ஒண்ணும் பிடிக்கலையேடா."

"பிடிச்சிருக்கீங்க."

ரேடியோ எழுந்து நின்று டீச்சருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. "ஆமா டீச்சர். பின்னால பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

டீச்சரின் இடது கை முதுகுக்குப் பின்னால், முழுதாக மூடாமல், உள்ளே ஒரு சின்னக் கை அளவுக்கு இடம் விட்டு மூடியிருந்தது. அதைத் திறக்க அவளுக்கு இன்னொரு கையின் உதவி தேவைப்பட்டது. சுண்டுவிரலை முதலில் பிரித்தாள். மோதிர விரல். கட்டை விரல் கடைசியில்தான் வந்தது.

தட், தட்.

அவளுடைய கால் அசையவில்லை. மேடம் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தட், தட், கயிற்றைத் தாண்டி. வட்டத்தில் இருந்த பிள்ளைகளின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின, ஒரே உயரத்தைப் பார்த்தபடி. அந்த உயரம் டீச்சரின் இடுப்பளவு.

பூனையின் விரல்கள் மூடின.

அவள் வட்டத்தை விட்டு வெளியே வந்தாள். அறையை விட்டு வெளியே வந்தாள். பின்புறச் சரிவுக்குப் போகாமல், நேராக மாடிப்படியின் உச்சிக்குப் போய் நின்றாள். கீழே கூடத்தில் சக்கர நாற்காலி வந்து நின்றிருந்தது. அம்மாவின் கழுத்திலும் கையிலும் வெள்ளைக் கட்டு. அவள் மகளைப் பார்த்துவிட்டாள். கூப்பிடக் கூடாது என்று வார்டன் சொல்லியிருந்தாள் போல. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் படி. பூனை நின்றது. தட், தட். இரண்டாவது படி. தட், தட். டீச்சர் உச்சிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். மொத்தம் பத்தொன்பது படி. ஒவ்வொன்றிலும் அந்த ஏழு வயதுப் பெண் நின்று, சேர்த்துக்கொண்டு, இறங்கினாள். வார்டன் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் படியும் முடிந்து தரைக்கு வந்ததும் பூனை நின்றது. அம்மா பத்தடி தூரத்தில். பூனை அம்மாவிடம் போகவில்லை.

திரும்பியது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தது.

கடைசிப் படியைப் பார்த்தது. குனிந்து, இன்னும் கிட்டத்தில் போய், முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தது.

"டீச்சர்."

"என்னடா?"

"இது எங்க தம்பி இல்ல."

வார்டன் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"இவன் வேற யாரோ. எங்க தம்பிக்கு இங்க ஒரு பல்லு உடைஞ்சிருக்கும்."

"அப்போ... இது யாருடா?"

"தெரியல. உங்ககூட வந்தவன்."

அவள் கையை விரித்து விட்டாள். கவுனில் துடைத்துக்கொண்டாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"அம்மா, தம்பி வரல."

"தெரியும்டி தங்கம்."

"கூட்டிட்டுத்தான் இறங்கினேன். எந்தப் படியில விட்டேன்னு தெரியல. நீங்க திரும்பிப் பாக்காதன்னு சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். தப்பு என்மேலதான். உன் கையே இத்தனூண்டு, அதுல இன்னொரு கையைக் குடுத்தேன். நீ வந்துட்ட. எனக்கு அது போதும். வா, இங்க வா."

அவள் ஓடினாள். நிற்காமல், எதையும் சேர்த்துக்கொள்ளாமல். எத்தனை அடி என்று டீச்சர்கூட எண்ணவில்லை. கட்டுப் போட்ட கையை அம்மாவால் மடக்க முடியவில்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டாள், பூனை அதன் அடியில் நுழைந்து மடியில் முகத்தை வைத்து, இல்லமே அதிரும்படி அழுதது. வார்டனும் அழுதாள்.

டீச்சர் உச்சிப் படியில் நின்றாள். கீழே, கடைசிப் படியில், பூனை கையை விட்ட இடம் அப்படியே இருந்தது. அங்கே வெயில் விழுந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவள் தன்னையறியாமல் இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

வெகுநேரம் கழித்து மடியிலிருந்து பூனை முகத்தைத் தூக்கியது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இறங்கி வாங்க."

"வர்றேன்."

"நிக்காம வாங்க. நின்னா அவன் உங்ககூடவே வந்துடுவான்."

டீச்சர் முதல் படியில் கால் வைத்தாள். உடம்பு நிற்கப் பார்த்தது. அவள் அடுத்த காலை வைத்தாள். கீழேயிருந்து சத்தம் கிளம்பியது. தட், தட். படிக்கு இரண்டாக, மேலே வந்தது. அவள் இறங்கினாள், அது ஏறிற்று. ஆறு, ஏழு, எட்டு. ஒரே ஒரு எண்ணிக்கை நின்றால் போதும். இடுப்பளவில் ஒரு தலை இருக்கும். கையைத் தாழ்த்தினால் தொட்டுவிடலாம்.

பதினோராவது படியில், சேலைத் தலைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கியபடியே இறங்கினாள். நிற்கவில்லை. ஏதோ ஒன்று அவளைத் தாண்டிக்கொண்டு மேலே போயிற்று.

மீதிப் படிகளை இறங்கித் தரைக்கு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேலே தட்டுச் சத்தம் படிகளை முடித்துக்கொண்டு, தாழ்வாரத்தில் போய், ஆடும் அறை வாசலில் நின்றது.

பிள்ளைகளின் இரைச்சல் சட்டென்று அடங்கிற்று. பிறகு ரேடியோவின் குரல் மட்டும் கேட்டது.

"ஏன் வாசல்லயே நிக்கிற? உள்ள வா. இடம் விடுங்கடா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க!"

மேடத்தின் மேளம் ஒரு எண்ணிக்கை தயங்கிற்று. பிறகு மெல்லத் தொடங்கிற்று.